சந்தையில எலும்பும் தோலுமா இருக்கற குதிரைய மீட்டு வாங்குனா, மொத நாளே கொள்ளு வைக்காதீங்க

ஆடி மாசம் அந்தியூர் குருநாதசாமி கோயில் குதிரை சந்தைக்கு நம்ம சேலத்துல இருந்து நிறைய பேர் போவாங்க, அதான் இப்பவே சொல்லிடறேன். பட்டினி கெடந்த குதிரைய பாத்து மனசு கேக்காம வாங்கிட்டு வர்றவங்க மொதல்ல பண்றது ஒரு வாளி கொள்ளு ஊறவச்சு வைக்கறதுதான். தயவுசெஞ்சு வேண்டாம். காஞ்ச ஒடம்புக்குள்ள திடீர்னு தானியம் போனா ரத்தத்துல பாஸ்பரஸ், பொட்டாசியம், மெக்னீசியம் எல்லாம் சட்டுனு எறங்கி இதயமே நின்னு போகலாம், அதுவும் அன்னிக்கே தெரியாது, மூணு நாள் கழிச்சு கூட படுத்துடும்.

நான் கூட்டிட்டு வந்த பெட்டைக் குதிரைக்கு கழுத்துத் தோல கிள்ளி விட்டா மடிப்பு அப்படியே நின்னுச்சு, ஈறு காஞ்சு ஒட்டுச்சு, ஒடம்புல தண்ணி இல்லன்னு அதுலயே தெரிஞ்சிரும். தண்ணி எப்பவும் பக்கத்துல இருக்கட்டும். குதிரை மசால் (லூசர்ன்னு சொல்ற தீவனப் பயிர்) காயவச்சது கெடச்சா நல்லது, கைப்பிடி கைப்பிடியா நாலு மணி நேரத்துக்கு ஒருதடவை, ராத்திரியும் எந்திரிச்சு வைக்கணும், மொத பத்து நாள்ல கொஞ்சம் கொஞ்சமா கூட்டலாம். தானியம் அப்பறம் டாக்டர் சொன்னாதான்.

டெட்டனஸ் ஊசி, கிளாண்டர்ஸ் டெஸ்ட் ரெண்டையும் கேட்டு போட்டுக்கோங்க, கிளாண்டர்ஸ்ங்கறது குதிரைக்கு வர்ற தொத்து வியாதி, மனுசங்களுக்கும் ஒட்டும், அதனால ரெண்டு மூணு வாரம் தனியா கட்டுங்க, ஏற்காட்டுல சவாரிக் குதிரை வச்சிருக்கறவங்க மத்ததோட சேக்கவே கூடாது. படுத்து எந்திரிக்கலைன்னா ஒடனே கால்நடை ஆம்புலன்ஸ் நம்பர் 1962க்கு போன் அடிங்க.