அலுவலக உபுண்டுவை வீட்டிலிருந்து திறக்க

யாழ் நகரத்து அலுவலகத்தில் நிற்கும் உபுண்டு (லினக்ஸ் இயங்குதளம்) கணினியைப் பருத்தித்துறை வீட்டிலிருந்து இயக்க, அதில் எக்ஸ்ஆர்டிபி (திரையைத் தொலைவுக்குக் காட்டும் நிரல்), எக்ஸ்எஃப்சிஈ (இலகுவான திரைச்சூழல்), ஓப்பன்எஸ்எஸ்எச் சர்வர் (எஸ்எஸ்எச் எனும் பாதுகாப்பான தொலை இணைப்புக்கானது) மூன்றையும் நிறுவுங்கோ. உபுண்டுவின் வழக்கமான திரைச்சூழலான க்னோம் வேண்டாம், மெதுவான இணைப்பில் இழுபடும்.

கடவுச்சொல் கொடுத்ததும் கறுப்புத் திரையா? பெரும்பாலும் அதே பயனர் அலுவலகத் திரையிலும் உள்நுழைந்திருப்பார். அங்கே வெளியேறினால் சரிவரும்.

அலுவலக ரவுட்டரில், எக்ஸ்ஆர்டிபி பயன்படுத்தும் 3389 போர்ட்டை (இணைப்பு வாசலை) ஒருபோதும் திறக்காதேங்கோ. கடவுச்சொல்லை ஊகித்துத் தட்டும் நிரல்கள் இணையமெங்கும் அலைகின்றன. எஸ்எஸ்எச்சை மட்டும் திறவுங்கோ, அதுவும் கடவுச்சொல்லுக்குப் பதில் சாவிக்கோப்போடு. அதன் சுரங்கவழியால் (மறையாக்கிய பாதையால்) வீட்டுக் கணினியின் 3390ஐ அங்குள்ள 3389உடன் இணையுங்கோ.

வீட்டில் கரண்ட் போனாலும் திறந்த கோப்புகள் அங்கே அப்படியே இருக்கும். திரும்ப நுழையும்போது நிற ஆழத்தை (ஒரு புள்ளியின் நிறத்துக்கான பிட் எண்ணிக்கையை) மாத்தாதேங்கோ: 16 பிட்டில் விட்டதை 24இல் திறந்தால் புதுத் திரைதான் வரும், பழைய வேலை பின்னால் ஒளிந்திருக்கும்.