சுண்ணாம்புக்கல் எத்தனை டிகிரியில் உடையும்? தாளில் கணக்குப் போட்டுப் பார்ப்போம்

சுண்ணாம்புக்கல்லை வாசலில் எத்தனை வருஷம் போட்டு வைத்தாலும் அது கல்லாகவே கிடக்கும். அதையே காளவாசலில் போட்டுச் சுட்டால் கார்பன் டை ஆக்சைடு வெளியேறி, சுட்ட சுண்ணாம்பு மிஞ்சுகிறது. எந்த வெப்பநிலையில் இந்த வினை தன்னிச்சையாக நடக்கத் தொடங்குகிறது? சூத்திரம் ஒன்றுதான்:

கட்டிலா ஆற்றல் மாற்றம் = என்தால்பி மாற்றம் − (வெப்பநிலை × என்ட்ரோபி மாற்றம்)

என்தால்பி மாற்றம் என்பது வினை வாங்கும் அல்லது வெளிவிடும் வெப்பம். என்ட்ரோபி என்பது துகள்கள் எவ்வளவு சிதறிக் கிடக்கின்றன என்பதன் அளவு. கட்டிலா ஆற்றல் மாற்றம் என்பது வினை எந்தப் பக்கம் போகும் என்று காட்டும் விடை. அந்த விடை மைனஸில் வந்தால் வினை தன்னிச்சையாக நடக்கும். பிளஸில் வந்தால் நடக்காது. பூஜ்யம் என்றால் சமநிலை.

படி 1: மதிப்புகளை எழுதுங்கள். ஒரு மோல் கல் (சுமார் 100 கிராம்) உடைய சுமார் 178 கிலோஜூல் வெப்பம் வேண்டும். திடப்பொருளிலிருந்து வாயு பிறப்பதால் என்ட்ரோபி கூடுகிறது. கெல்வினுக்குச் சுமார் 160 ஜூல்.

படி 2: அலகைச் சரிசெய்யுங்கள். பலரும் சறுக்குவது இங்கேதான். ஒன்று கிலோஜூல், இன்னொன்று ஜூல். அப்படியே போட்டால் 178 − (298 × 160), அதாவது மைனஸ் 47,502 என்று வரும். அறை வெப்பநிலையிலேயே கல் உடைந்துவிடும் என்று அர்த்தமாகிவிடும்! அதனால் 160-ஐ 1000-ஆல் வகுத்து 0.160 கிலோஜூல் ஆக்குங்கள். வெப்பநிலையும் கெல்வினில்தான் (செல்சியஸோடு 273-ஐக் கூட்டினால் கெல்வின்) இருக்க வேண்டும்.

படி 3: 25 டிகிரி செல்சியஸ் என்பது 298 கெல்வின். 178 − (298 × 0.160) = பிளஸ் 130.3 கிலோஜூல். நடக்காது. 1200 கெல்வினில்? 178 − 192 = மைனஸ் 14. நடக்கும்.

படி 4: குறி மாறும் இடம் வேண்டுமா? 178 ÷ 0.160 = ஏறக்குறைய 1112 கெல்வின், அதாவது 840 டிகிரி செல்சியஸை ஒட்டி.

வெளிவரும் வாயுவின் அழுத்தம் 1 வளிமண்டலம் (நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தம்) என்று வைத்துப் போட்ட கணக்கு இது. உண்மையில் கார்பன் டை ஆக்சைடின் அழுத்தம் அந்த அளவை எட்டுவது 900 டிகிரியை ஒட்டித்தான். என்தால்பியும் என்ட்ரோபியும் சூட்டோடு மாறாது என்று நாம் வைத்துக்கொண்டதால் வந்த வித்தியாசம் இது. முதல் கணக்குக்கு இந்த நெருக்கமே போதும்.

அப்புறம், ‘சூடாக்கித்தானே நடக்கிறது, அது எப்படித் தன்னிச்சை?’ என்று கேட்பார்கள். நல்ல கேள்வி. அந்தச் சூட்டில் வினை எந்தத் திசையில் போகும் என்பதைத்தான் அந்தச் சொல் குறிக்கிறது. வேகத்தைப் பற்றி அது எதுவும் சொல்லாது. நீற்றிய சுண்ணாம்பு அடித்த சுவரைப் பாருங்கள்: அறை வெப்பநிலையிலேயே, தன்னிச்சையாக, காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடை வாங்கி மறுபடியும் கால்சியம் கார்பனேட்டாக, அதாவது சுண்ணாம்புக்கல்லில் இருந்த அதே பொருளாக, இறுகுகிறது. ஆனால் மெதுவாக, நாள் கணக்கில்.