ஐரிஷ் முன்னோரைத் தேடும்போது வயதை நம்பாதீர்கள்

என் கணவர் அயர்லாந்தின் மேயோ கவுண்டியைச் சேர்ந்தவர். அவருடைய வம்சாவளியை இலவச இணையப் பதிவுகளை வைத்தே தேடி எழுதினேன். இப்போது இதே வேலையைத் தொடங்கும் நண்பர்கள் நான் சறுக்கிய இடத்திலேயே சறுக்குகிறார்கள். பெயரின் எழுத்து மாறுவதும் முன்னால் உள்ள 'ஓ', 'மெக்' காணாமல் போவதும் ஒரே வாரத்தில் பழகிவிடும், அதை விட்டுவிடுகிறேன்.

கணக்கெடுப்பில் இருக்கும் வயது

1901, 1911 கணக்கெடுப்புகளை அயர்லாந்து தேசிய ஆவணக் காப்பகத்தின் தளத்தில் காசில்லாமல் பார்க்கலாம். நாங்கள் தேடிய பெரியவருக்கு 1911-இல் 71 வயது. அப்படியானால் 1901-இல் 61 இருக்க வேண்டும். அதே ஊரில் அதே பெயரில் ஒருவர் இருந்தார், ஆனால் வயது 55. இவர் இல்லை என்று தள்ளிவிட்டு, பக்கத்து ஊரில் 60 வயதில் இருந்த இன்னொருவரைப் பிடித்துக்கொண்டேன். மூத்த மகனுக்கு அப்பாவழித் தாத்தா பெயரை வைக்கும் வழக்கம் அங்கேயும் உண்டு. அதனால் ஒரே பெயரில் பங்காளிகள் மூன்று நான்கு பேர் சுற்றுவட்டாரத்தில் இருப்பார்கள்.

பதினான்கு மாதம் யாரோ ஒருவர் குடும்பத்தைத் தோண்டிக்கொண்டிருந்தேன். என் பேச்சை நம்பி மாமியார் அந்தக் கல்லறையில் பூ வைத்துவிட்டு வந்தார். அதை நினைத்தால் இன்றும் என் மேல் எனக்கே கோபம் வருகிறது.

55 வயது என்றிருந்தவர்தான் எங்கள் பெரியவர். வயது இப்படித் தாவியதற்குக் காரணம் பென்ஷன். 1909 ஜனவரி முதல் 70 வயதானவர்களுக்கு வாரம் 5 ஷில்லிங் வரை கிடைத்தது. எல்லாப் பிறப்புகளையும் பதியத் தொடங்கியதோ 1864-இல்தான். அதற்கு முன் பிறந்த ஏழை விவசாயிகளில் பலருக்குத் தங்கள் வயது சரியாகத் தெரியாது, பென்ஷனுக்காக வயதைக் கூட்டிச் சொன்னவர்களும் உண்டு. பத்து வருடத்தில் பதினைந்து வயது கூடியவர்களை அந்தத் தாள்களில் நானே பார்த்திருக்கிறேன்.

ஆகவே வயதை ஒதுக்கிவிட்டு ஊர், மனைவி பெயர், பிள்ளைகளின் வரிசை ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். மணமாகி எத்தனை ஆண்டு, பிறந்த பிள்ளைகள் எத்தனை, உயிரோடு இருப்பவர்கள் எத்தனை என்று 1911 படிவம் கேட்கிறது. பிள்ளைகளின் பிறப்புப் பதிவில் தாயின் பிறந்த வீட்டுக் குடும்பப்பெயரும் இருக்கும். அயர்லாந்து அரசின் வம்சாவளித் தளமான ஐரிஷ் ஜீனியாலஜியில் அந்தப் பக்கத்தின் படமே இலவசம்.

அப்புறம், 1901-இல் நீங்கள் பிடித்த ஆளை 1911-இலும் அவர் ஊரிலேயே தேடுங்கள். நான் பிடித்தவர் 1911-இலும் பக்கத்து ஊரில் அதே வீட்டில், அதே மனைவியோடு இருந்தார், அதாவது அவர் எங்கள் பெரியவர் இல்லை. ஐந்து நிமிட வேலை, அதைத்தான் நான் செய்யவில்லை.

பென்ஷனுக்கு வயதை நிரூபிக்க 1841, 1851 கணக்கெடுப்புகளில் தேடச் சொல்லிப் பலர் விண்ணப்பித்தார்கள். அந்தப் படிவங்களும் காப்பகத் தளத்தில் உள்ளன. பெற்றோர் பெயரும் அவர்கள் அப்போது வாழ்ந்த ஊரும் அதில் கிடைக்கும்.

"எல்லாம் 1922-இல் எரிந்துவிட்டது"

இப்படிப் பலர் சொல்வார்கள். ஆவணக் காப்பகம் இருந்த டப்ளின் ஃபோர் கோர்ட்ஸ் நீதிமன்ற வளாகத்தில் பிடித்த தீயில் 1821 முதல் 1851 வரையிலான கணக்கெடுப்புகளில் பெரும்பகுதி போனது உண்மைதான். ஆனால் கத்தோலிக்கத் திருச்சபைப் பதிவேடுகள் அந்தந்தப் பங்குகளிலேயே (உள்ளூர்த் தேவாலயங்களிலேயே) இருந்ததால் தப்பின. தேசிய நூலகம் அவற்றின் படங்களை இலவசமாகத் தருகிறது. பக்கம் பக்கமாகப் புரட்ட வேண்டும். லத்தீனில் 'யாக்கோபுஸ்' என்றிருந்தால் ஜேம்ஸ்.

பிறந்த தேதி

தாமதமாகப் பதிந்தால் அபராதம், அதனால் தேதியைத் தள்ளிச் சொன்னார்கள். ஞானஸ்நானத் தேதி அதற்கு முந்தியிருந்தால் ஞானஸ்நானத்தையே நம்புங்கள்.

வடக்கின் ஆறு கவுண்டிகள்

இவை இப்போதைய வட அயர்லாந்து. இங்கே 1922 முதலான பிறப்பு, இறப்புப் பதிவுகளுக்கு பெல்ஃபாஸ்ட்டில் உள்ள பதிவு அலுவலகத்தை நாடுங்கள்.