வாய்வார்த்தையாகவே போன பாதிச் சொத்து: அன்னா நிக்கோல் வழக்கில் நடந்த தவறுகள்

1994 ஜூன் 27 அன்று அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் ஒரு கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளை ஜே. ஹோவர்ட் மார்ஷல், எண்ணெய்த் தொழிலில் பெரும் பணக்காரர், வயது 89. பெண் அன்னா நிக்கோல் ஸ்மித், பிரபல மாடல், வயது 26. அடுத்த ஆண்டு ஆகஸ்ட் 4-இல் மார்ஷல் இறந்துவிட்டார். உயிலைப் பிரித்தால் மனைவிக்கு அதில் எதுவுமே இல்லை.

இந்தக் கதையைப் பேசுகிறவர்கள் வயது வித்தியாசத்தைச் சொல்லிச் சிரிப்பதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். எனக்கு அதில் வருத்தம் உண்டு. இதில் நடந்த தவறுகள் கோடீஸ்வரர்களுக்கு மட்டும் உரியவை அல்ல. எந்த வீட்டிலும் நடக்கக்கூடியவை.

எல்லாவற்றுக்கும் மூலமான தவறு, வாய்வார்த்தையை நம்பியது. சொத்தில் பாதி தருவதாகக் கணவர் சொன்னார் என்று அன்னா கடைசிவரை சொல்லிவந்தார். மார்ஷல் அவருக்கு நகையும் பணமும் வாரிக் கொடுத்தவர்தான். ஆனால் உயிரோடு இருக்கும்போது கொடுப்பது வேறு, இறந்த பிறகு போய்ச் சேர வேண்டியது வேறு. டெக்சாஸ் சட்டப்படி கல்யாணத்துக்கு முன்பு சம்பாதித்தது அவரவர் தனிச் சொத்து. அதை உயிலால் யாருக்கு வேண்டுமானாலும் எழுதலாம், மனைவியை விட்டுவிடவும் செய்யலாம். பெரிய சொத்தான கோக் இண்டஸ்ட்ரீஸ் நிறுவனப் பங்குகளோ கல்யாணத்துக்குப் பல ஆண்டுகள் முன்பே வந்தவை.

அப்புறம், உயிலை மட்டுமே பார்ப்பதும் தவறு. மார்ஷல் வாழும்போதே ஒரு டிரஸ்ட் வைத்திருந்தார். அதாவது, சொத்தை ஒருவர் பொறுப்பில் விட்டு, அதன் பலன் குறிப்பிட்டவர்களுக்குப் போகும்படி செய்யும் ஏற்பாடு. அதில் சேராமல் மிச்சமிருப்பதும் இறந்த பிறகு அதிலேயே போய்ச் சேர வேண்டும் என்பதுதான் உயிலின் சாரம். முடிவில் பலன் இளைய மகன் பியர்ஸுக்கு. இப்படிப்பட்ட ஏற்பாட்டில் டிரஸ்ட் பத்திரத்தில் பெயர் வர வேண்டும், அல்லது தனியாக ஒரு பத்திரம் எழுதிக் கையெழுத்தாக வேண்டும். தனக்கென்று ஒரு டிரஸ்ட் வைக்கக் கணவர் நினைத்திருந்தார் என்பதே அன்னாவின் வாதம். நினைத்ததை நிரூபிக்கப் போராடியே பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் போனது. மார்ஷலின் மூத்த மகனும், அப்பா தனக்கு வாய்மொழியாக வாக்குக் கொடுத்திருந்தார் என்று வழக்காடித் தோற்றார்.

அடுத்தது, சண்டையைப் பல நீதிமன்றங்களுக்குப் பரப்பியது. டெக்சாஸில் உயில் வழக்கு நடக்கும்போதே, 1996-இல் அன்னா கலிபோர்னியாவில் திவால் மனு போட்டார். அவர் தரப்பு வக்கீல்கள் பத்திரிகைகளிடம் பேசியது அவதூறு என்று பியர்ஸ் அதே திவால் நீதிமன்றத்துக்கு வந்தார். கணவர் தனக்குத் தர நினைத்ததைப் பியர்ஸ் தடுத்துவிட்டார் என்று அன்னா எதிர் வழக்குப் போட்டார். 2000-இல் அந்த நீதிமன்றம் அன்னாவுக்கு 40 கோடி டாலருக்கும் மேல் கொடுக்கச் சொன்னது. 2001-இல் டெக்சாஸ் ஜூரி, அதாவது பொதுமக்களிலிருந்து தேர்ந்தெடுத்த தீர்ப்புக் குழு, ஒன்றும் கிடையாது என்றது. 2002-இல் இன்னொரு நீதிமன்றம் சுமார் 8.8 கோடி டாலர் என்றது. உச்ச நீதிமன்றத்துக்கே இரண்டு முறை போனார்கள். 2006-இல் அங்கே அன்னா ஜெயித்தார், ஆனால் அது வழக்கைத் தொடரலாம் என்பதற்கு மட்டும். 2011-இல் 5-க்கு 4 என்ற கணக்கில் அவர் தரப்பு தோற்றது. அதற்குள் பியர்ஸும் இல்லை, அன்னாவும் இல்லை.

என் மனதை மிகவும் பாதிப்பது கடைசித் தவறுதான். உயிலால் இவ்வளவு அடிபட்ட அன்னா, தன் உயிலைக் கவனிக்காமல் விட்டுவிட்டார். 2001-இல் எழுதிய அந்த உயிலில் எல்லாம் மகன் டேனியலுக்கு. இனிமேல் பிறக்கும் பிள்ளைகளுக்குக்கூடப் பங்கில்லை என்று அதில் ஒரு வாசகமும் இருந்தது. 2006 செப்டம்பர் 7-இல் பஹாமாஸில் அவருக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தது. தங்கையைப் பார்க்க வந்த டேனியல், மூன்றே நாளில் அதே மருத்துவமனை அறையில் இறந்துபோனான். இருபது வயது. உயிலில் பெயர் இருந்தவன் போய்விட்டான், இருக்கிற குழந்தையையோ அந்தத் தாள் வேண்டாம் என்கிறது. மாற்றி எழுதாமலே 2007 பிப்ரவரியில் அன்னாவும் போய்விட்டார்.

குழந்தை பிறந்தாலோ, வாரிசு இறந்தாலோ, கல்யாணமோ விவாகரத்தோ நடந்தாலோ உயிலை எடுத்துத் திரும்பப் படிக்க வேண்டும். துக்கத்தில் இருக்கும் தாயிடம் இதைச் சொல்வது கொடுமைதான். அதனால்தான் பக்கத்தில் இருக்கும் வக்கீலாவது ஞாபகப்படுத்த வேண்டும். ஒரு வாரிசு முன்பே இறந்துவிட்டால் அடுத்து யார் என்பதையும் முதலிலேயே எழுதிவைக்க வேண்டும்.

2008-இல் ஒரு நீதிபதி அந்தப் பெண் குழந்தையே வாரிசு என்று சொன்னார். மார்ஷல் பணத்துக்கான பெரிய நம்பிக்கை 2011-இல் உடைந்தபோது அவளுக்கு நான்கு வயது.