ஜிம்னிக்கு 2 இன்ச் லிஃப்ட்: வீட்டுக் கொட்டகையிலேயே பொருத்தும் முறை

சுசுகி ஜிம்னியை 2 இன்ச் உயர்த்த நினைப்பவர், அந்த உயரம் வண்டியில் எங்கே கூடுகிறது என்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். முன்னும் பின்னும் ரிஜிட் ஆக்சில் (இரு சக்கரங்களையும் இணைக்கும் ஒரே விறைப்பான அச்சு) கொண்ட வண்டி இது என்பதால், நீளமான காயில் ஸ்பிரிங்கைப் போட்டால் சேஸிஸும் பாடியும் மேலே போகுமே தவிர, ஆக்சிலும் அதிலுள்ள டிஃபரன்ஷியல் ஹவுசிங்கும் (சக்கரங்களுக்கு விசையைப் பிரிக்கும் பல்சக்கரங்களின் கூடு) இருந்த உயரத்திலேயேதான் இருக்கும். ஹவுசிங்குக்கு அடியில் இடைவெளி கூட வேண்டுமென்றால் டயரைத்தான் பெரிதாக்க வேண்டும். அதிலும் விட்டத்தில் கூடுவதில் பாதிதான் கைக்கு வரும். லிஃப்ட்டின் பயன், பம்பரும் வயிற்றுப் பகுதியும் மேட்டில் இடிக்காமல் இருப்பதும், பெரிய டயருக்கு இடம் கிடைப்பதும்தான். மூன்று கதவு ஜிம்னிக்கு 2250 மி.மீ. ஆக இருக்கும் வீல்பேஸ் (முன், பின் சக்கர மையங்களுக்கு இடையிலான தூரம்) இந்தியாவில் விற்கப்பட்ட ஐந்து கதவு வண்டிக்கு 2590 மி.மீ. என்பதால், வரப்பைத் தாண்டும்போது வயிறு தட்டும் தொல்லை ஐந்து கதவு வண்டிக்குத்தான் அதிகம்.

சட்டத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறித்தவற்றிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்திலும் காப்பீட்டு நிறுவனத்திலும் முன்கூட்டியே விசாரித்துவிடுவது நல்லது.

ஸ்பிரிங்குக்கு மேல் வெறும் ஸ்பேசரை வைத்து உயர்த்தும் மலிவான வழியை நான் பரிந்துரைக்க மாட்டேன். பழைய ஷாக் அப்சார்பரின் நீளம் மாறாததால், சக்கரம் பள்ளத்தில் இறங்கும்போது ஷாக்கே கயிறுபோல ஆக்சிலை இழுத்துப் பிடிக்கும். அந்த வேலைக்கு அது செய்யப்பட்டதல்ல. நான்கு ஸ்பிரிங், அவற்றுக்கேற்ற நீளமுள்ள நான்கு ஷாக், நீட்டிய பிரேக் ஹோஸ், முன் ரேடியஸ் ஆர்முக்கான (ஆக்சிலைச் சேஸிஸோடு முன்பின்னாகப் பிணைக்கும் கை) காஸ்டர் திருத்தும் புஷ் (காஸ்டர் என்பது ஸ்டீரிங் அச்சின் முன்பின் சாய்வு; புஷ் என்பது மூட்டில் இருக்கும் ரப்பர் உருளை), நீளத்தை மாற்றக்கூடிய பான்ஹார்ட் ராட் (ஆக்சில் பக்கவாட்டில் நகராமல் பிடிக்கும் கம்பி) ஆகியவை சேர்ந்த தொகுதியையே வாங்குங்கள்.

வேலைக்கு முந்தைய நாளே எல்லா போல்ட்டுகளிலும் துரு இளக்கும் எண்ணெயை அடித்து ஊற விடுங்கள். சமதளத்தில் வண்டியை நிறுத்தி, ஒவ்வொரு சக்கரத்தின் நடுப்புள்ளியிலிருந்து ஃபெண்டர் விளிம்பு வரை அளந்து, அந்த நான்கு எண்களையும் குறித்து வையுங்கள். இந்த அளவு இல்லாவிட்டால், எவ்வளவு உயர்ந்தது, எந்தப் பக்கம் சாய்ந்தது என்று பிறகு சொல்ல முடியாது.

பின்பக்கம் எளிது என்பதால் அங்கே தொடங்கலாம். கைப்பிரேக் பின்சக்கரங்களை மட்டுமே பிடிக்கும். அவற்றைத் தூக்கியபின் அதனால் பயனில்லை. எனவே முன்சக்கரங்களுக்கு இருபுறமும் கட்டை வைத்துவிட்டு, ஜாக்கால் தூக்கி, சேஸிஸுக்கு அடியில் ஸ்டாண்டுகளை நிறுத்துங்கள். ஜாக்கை மட்டும் நம்பி அடியில் படுக்கவே கூடாது. பிறகு இன்னொரு ஜாக்கால் ஆக்சிலைத் தாங்கிக்கொண்டு, ஷாக்குகளின் கீழ்முனையையும் பான்ஹார்ட் ராடின் ஒரு முனையையும் கழற்றி, ஆக்சிலை மெல்ல இறக்குங்கள். இறக்கும்போது கண் பிரேக் ஹோஸின்மேல் இருக்கட்டும். அது வில் நாண்போல விறைக்கத் தொடங்கினால் உடனே நிறுத்தி, ஹோஸைத் தாங்கிய பிராக்கெட்டைக் கழற்றிவிட்டுத் தொடருங்கள். ஏபிஎஸ் வயரையும் அப்படியே கவனிக்க வேண்டும்.

அழுத்தம் நீங்கிய பழைய ஸ்பிரிங் கையோடு வந்துவிடும். அதன் ரப்பர் இருக்கையைத் துடைத்துப் புதியதற்கு மாட்டி, ஸ்பிரிங் கம்பியின் வெட்டு முனை கீழ்த்தட்டில் உள்ள படியில் முட்டி நிற்கும்வரை சுழற்றுங்கள். விரலை விட்டுத் தடவிப் பாருங்கள்: முனைக்கும் படிக்கும் நடுவே இடைவெளி தட்டுப்பட்டால் ஸ்பிரிங் இன்னும் சரியாக உட்காரவில்லை.

முன்பக்கத்திலும் முறை இதுவே. கூடுதலாக ஆன்டி ரோல் பாரின் (வளைவில் வண்டி சாய்வதைக் குறைக்கும் கம்பி) இணைப்பையும் கழற்ற வேண்டும். உண்மையான உழைப்பு காஸ்டரில் இருக்கிறது. ரேடியஸ் ஆர்மின் பின்முனை சேஸிஸோடு மேலே போவதால், முன்முனையில் பிடித்திருக்கும் ஆக்சில் முன்னோக்கிச் சுழன்று, காஸ்டர் குறைகிறது. ஆர்ம் ஒரு மீட்டர் நீளம் என்று வைத்துக்கொண்டாலும், 50 மி.மீ. ஏற்றத்துக்குச் சுமார் 3 பாகை போய்விடும். ஆர்ம் குட்டையாக இருந்தால் இன்னும் கூடும். இதைத் திருத்தாமல் ஓட்டினால் திருப்பிய ஸ்டீரிங் தானாக நேராகாது, நெடுஞ்சாலையில் வண்டி அலையும். திருத்தும் புஷ்ஷின் துளை மையம் விலகியிருக்கும். அது எந்தத் திசையில் நிற்க வேண்டும் என்று ஆர்மில் சாக்பீஸால் கோடு போட்டுவிட்டு, ஒரு பட்டறையின் பிரஸ்ஸில் கொடுத்து அழுத்துங்கள். சுத்தியலால் அடித்து ஏற்றினால் புஷ் கோணலாகும்.

ரப்பர் புஷ் உள்ள எந்தப் போல்ட்டையும் வண்டி தொங்கிக்கொண்டிருக்கும்போது முழுதாக முறுக்காதீர்கள். என் முதல் முயற்சியில் நான் செய்த தவறு இதுதான். காற்றில் முறுக்கிய புஷ், சக்கரம் தரையில் அமர்ந்ததும் முறுகிய நிலையிலேயே நின்று, சில மாதங்களில் விளிம்பு கிழிந்து கீச்சிட ஆரம்பித்தது. நட்டுகளைக் கைவிறைப்பில் விட்டு, வண்டியைச் சக்கரத்தில் இறக்கி, நாலைந்து முறை பம்பரை அழுத்தி ஆட்டியபின், சர்வீஸ் கையேட்டில் உள்ள அளவுக்கு டார்க் ரெஞ்சால் முறுக்குங்கள்.

இறக்கிய பிறகு ஆக்சில் ஒரு பக்கம் ஒதுங்கியிருப்பதைக் காண்பீர்கள். பான்ஹார்ட் ராட் சாய்வாக நிற்பதன் விளைவு அது. ராடின் நீளத்தை மாற்றி, இருபுறமும் டயருக்கும் பாடிக்கும் உள்ள தூரம் ஒன்றாகும்வரை சரிசெய்யுங்கள். ஸ்டீரிங் சக்கரமும் கோணலாக நிற்கும். அதை டிராக் லிங்க்கில் (ஸ்டீரிங் பெட்டியைச் சக்கரத்தோடு இணைக்கும் கம்பி)தான் நேராக்க வேண்டும். கோணலாகவே விட்டால் இஎஸ்பி (வண்டி சறுக்காமல் கட்டுப்படுத்தும் மின்னணு) அமைப்பு வண்டி திரும்புவதாக எண்ணிக் குறுக்கிடக்கூடும்.

ஹோஸை மாற்றியிருந்தால் பிரேக்கில் காற்றை எடுத்துவிட்டு, ஸ்டீரிங்கை இருபக்கமும் கடைசிவரை திருப்பி ஹோஸோ வயரோ எங்கும் உரசுகிறதா என்று பாருங்கள். வீல் அலைன்மென்ட் எடுத்து, ஹெட்லைட்டின் குறியைத் தாழ்த்துங்கள். மூக்கு உயர்ந்த வண்டி எதிரே வருபவரின் கண்ணைக் கூசச் செய்யும். 100 கி.மீ. ஓடியதும் எல்லா நட்டுகளையும் மறுபடி முறுக்கிப் பார்த்து, ஃபெண்டர் அளவுகளை மீண்டும் எடுத்து முதலில் குறித்தவற்றோடு ஒப்பிடுங்கள். புது ஸ்பிரிங் சில மில்லிமீட்டர் அமர்வது இயல்பு. இடமும் வலமும் வேறுபட்டால் ஏதோ ஒரு ஸ்பிரிங் முனை படியில் உட்காரவில்லை என்று கொண்டு, சக்கரத்தைக் கழற்றிப் பார்க்க வேண்டும்.