பக்கவாதம் வந்த அப்பாவோ அம்மாவோ பயிற்சி வேண்டாம் என்றால்

பக்கவாதத்துக்குப் பிறகு கை கால் அசைவு வேகமாகத் திரும்புவது முதல் மூன்று மாதங்களில்தான். அதற்கப்புறமும் முன்னேற்றம் உண்டு, ஆனால் மெதுவாக. அந்த அருமையான காலத்தில்தான் பல பெரியவர்கள் "எனக்கு இனிமே எதுக்கு இதெல்லாம், விடு" என்று திரும்பிப் படுத்துக்கொள்கிறார்கள். அதைப் பிடிவாதம் என்று நினைத்து அதட்டாதீர்கள். மறுப்புக்குப் பின்னால் ஒரு காரணம் இருக்கும், அதைச் சரிசெய்தால் பாதி வேலை முடிந்தது.

பலருக்கு அது தோள்வலி. செயலிழந்த பக்கத்துத் தோள்மூட்டைத் தாங்கும் தசைகள் தளர்ந்துபோயிருக்கும். எழுப்பும்போது அந்தக் கையைப் பிடித்து இழுத்தாலோ, அக்குளில் கைகொடுத்துத் தூக்கினாலோ மூட்டு விலகும், வலி தங்கிவிடும். பிறகு யார் தொட்டாலும் பயம். இடுப்பில் அகலமான பட்டை கட்டி அதைப் பிடித்துத் தாங்குங்கள். உட்கார்ந்திருக்கும்போது அந்தக் கை தொங்கக் கூடாது, தலையணை மேல் இருக்கட்டும். டாக்டர் வலி மாத்திரை கொடுத்திருந்தால், அதைப் பயிற்சிக்கு அரைமணி முன்னால் கொடுக்கலாமா என்று கேளுங்கள்.

அடுத்தது விழுந்துவிடுவோமோ என்ற பயம். எழுந்து நிற்கும் பயிற்சிக்குத் தாழ்வான சோபா ஆகாது. கைப்பிடி உள்ள உறுதியான நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள், உட்கார்ந்தால் இடுப்பு முழங்காலைவிடச் சற்று உயரத்தில் இருக்க வேண்டும். பாதங்களை முழங்காலுக்குச் சற்றுப் பின்னே இழுக்கச் சொல்லுங்கள். மூக்கு கால்விரலுக்கு நேரே வரும்வரை முன்னால் குனிந்து, பிறகு எழ வேண்டும். பலர் நிமிர்ந்தபடியே எழப் பார்த்துப் பின்னால் சாய்கிறார்கள், பயம் இரட்டிப்பாகிறது. நீங்கள் பலவீனமான பக்கத்தில் நில்லுங்கள். தரையில் புரளும் வேட்டி, புடவை, ரப்பர் செருப்பு மூன்றும் வேண்டாம். படுக்கையிலிருந்து எழுந்ததும் நிற்க வைக்காமல், விளிம்பில் இரண்டு நிமிடம் உட்கார வையுங்கள். திடீரென நின்றால் ரத்த அழுத்தம் இறங்கித் தலை சுற்றும்.

சோர்வும் உண்மையானது, சோம்பலல்ல. அரைமணிப் பயிற்சியைப் பத்துப் பத்து நிமிடமாக மூன்று வேளைக்குப் பிரியுங்கள். சாப்பிட்ட உடனேயோ குளித்துக் களைத்த கையோடோ வேண்டாம். இன்சுலின் போடுகிறவரானால் முதலில் சர்க்கரையைப் பாருங்கள், 100-க்குக் கீழே இருந்தால் ஏதாவது சாப்பிட்ட பிறகு தொடங்கலாம்.

குடும்பங்கள் அதிகம் கவனிக்கத் தவறுவது மனச்சோர்வை. பக்கவாதம் வந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு அது வருகிறது. இரண்டு வாரமாகச் சாப்பாடு இறங்கவில்லை, தூக்கமில்லை, பேரப்பிள்ளை வந்தாலும் முகம் மலரவில்லை என்றால் டாக்டரிடம் சொல்லுங்கள். மருந்து உண்டு. அதற்கு முன் எவ்வளவு ஊக்கம் சொன்னாலும் ஏறாது.

கூச்சத்தை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. அம்மாவுக்குப் பெண் பிசியோதெரபிஸ்ட் கிடைப்பாரா என்று கேளுங்கள். அப்பா மருமகள் முன்னால் தடுமாற விரும்பமாட்டார், கதவைச் சாத்திக்கொள்ளுங்கள்.

பேசும் விதத்துக்கு வருவோம். "பயிற்சி செய்றீங்களா?" என்று கேட்டால் பதில் "வேண்டாம்"தான். "அப்பா, காபிக்கு முன்னாடியா, குடிச்சிட்டா?" என்று கேளுங்கள். "நடக்கணும்" என்பதைவிட "பாத்ரூமுக்கு யாரும் பிடிக்காம போகணும்" என்ற இலக்கு அவருக்கே வேண்டியது. "நேத்து மூணு தடவை எழுந்தீங்க, இன்னிக்கு அஞ்சு" என்று எண்ணிச் சொல்லுங்கள், வெறும் "சூப்பர்" குழந்தையிடம் பேசுவதுபோல் இருக்கும். பக்கத்து வீட்டுக்காரர் எப்படித் தேறினார் என்று ஒப்பிடவே வேண்டாம். பேச்சு புரிவதில் சிரமம் இருந்தால் முதலில் நீங்கள் செய்து காட்டுங்கள், ஒரு சமயத்தில் ஒரு சொல் போதும். டம்ளரை நீங்களே வாயில் வைக்காதீர்கள், நல்ல கை துணையோடு அவரே பிடிக்கட்டும். நேரமாகும், பரவாயில்லை. அதுவும் பயிற்சிதான்.

தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து இயன்முறை சிகிச்சை (பிசியோதெரபி) தருகிறார்கள். அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள்.

நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலிப்பது, இவற்றில் எது தெரிந்தாலும் பயிற்சியை நிறுத்தி உடனே மருத்துவமனைக்குப் போங்கள். வாய் புதிதாகக் கோணினாலோ, பேச்சு குழறினாலோ, நல்ல கை தளர்ந்தாலோ 108-ஐ அழையுங்கள், எத்தனை மணிக்குத் தொடங்கியது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும்.