மார்ட்டினி: வெர்மூத் பாட்டிலுக்கு ஃபிரிட்ஜில் இடம் கொடுங்கள்

மார்ட்டினி என்பது ஜின் என்ற மதுவும் வெர்மூத்தும் சேர்ந்த காக்டெயில். வீட்டில் கலக்கும்போது அது சப்பென்று இருந்தால் ஜின்னைக் குறை சொல்லாதீர்கள், முதலில் வெர்மூத் பாட்டிலைப் பாருங்கள். வெர்மூத் மூலிகை ஊறிய ஒயின். அதில் ஆல்கஹால் பெரும்பாலும் 15 முதல் 18 சதவீதம்தான். திறந்த பிறகு அலமாரியிலேயே நின்றால் காற்றுப் பட்டு மணம் போய், சுவையும் கெட்டுவிடும். என் பாட்டிலும் மாதக்கணக்கில் அப்படித்தான் நின்றது. மூடியை இறுக்கி ஃபிரிட்ஜில் வையுங்கள், ஒன்றிரண்டு மாதத்தில் தீர்த்துவிடுங்கள். சின்ன பாட்டிலாக வாங்குவதே நல்லது.

சரி, அளவு: ஜின் 60 மி.லி., டிரை (இனிப்பு குறைந்த) வெர்மூத் 12 மி.லி. குவளை நிறைய பெரிய ஐஸ் கட்டிகள் போட்டு, நீளமான கரண்டியால் 30 வினாடி கலக்குங்கள். குலுக்கினால் காற்றுக் குமிழியும் ஐஸ் தூளும் சேர்ந்து கலங்கிவிடும். ஐஸ் கொஞ்சம் உருகத்தான் வேண்டும், அந்த நீர்தான் ஜின்னின் காரத்தைத் தணிக்கிறது. முன்பே குளிர வைத்த கிளாஸில் வடிகட்டுங்கள். அப்புறம் எலுமிச்சைத் தோலில் ஒரு சீவல். கிளாஸுக்கு மேலே பிடித்து முறுக்கினால் எண்ணெய் தெறித்து மணக்கும். பச்சை ஆலிவ் பிடித்தவர்கள் அதைப் போட்டுக்கொள்ளலாம்.